மௌன விரதம் இருந்த பீர்

அத்தியாயம் 7

"மூச்சு நின்னு போச்சுங்க. நேத்து மத்தியானத்திலேர்ந்து ஒரு அசைவும் இல்ல. குளியலறையிலதான் இருக்கு. நான் கை வைக்கல."

போனில் வந்த குரல் இவ்வளவுதான் சொன்னது. பிறகு முகவரியைச் சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சியது.

மா பில்-கு போனைக் கையால் பொத்திக்கொண்டு முதலாளியம்மாவைப் பார்த்தான். டி.வி.யில் பொருள் விற்கும் சேனலில் பதினெட்டு வருடம் "இன்னும் பத்தே நிமிஷம்தான், விட்டா கிடைக்காது" என்று கத்திக் கத்தி அரிசிக் குக்கர் விற்ற தொண்டை அவனுடையது. அந்தத் தொண்டையிலிருந்து இப்போது காற்றுதான் வந்தது.

"மேடம், பிணம்."

பியோ ஜங்-ரான் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாகன இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் இருந்தபோது பொய் விபத்துகளையெல்லாம் மோப்பம் பிடித்தவள். அங்கிருந்து விலகி, தென் கொரியாவின் தேஜோன் நகரத்தில் ஒரு சலவைக் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்திருந்தாள்.

"பிணம்னா போலீசுக்குப் போன் பண்ணுவாங்க. நமக்குப் பண்றாங்கன்னா அது பிணமா இருக்காது. கோட்டை மாட்டு."

அவள் சொன்னதுதான் சரி. 103-ஆம் பிளாக், எட்டாவது மாடி, 802-ஆம் வீட்டின் இரண்டாவது குளியலறையில் கிடந்தது இருபது லிட்டர் பீர். வெள்ளை பிளாஸ்டிக் வாளிக்குள், மூடி போட்டு, பத்திரமாகக் கிடந்தது.

"இதுக்கா அழுதீங்க?" என்றான் பில்-கு.

"அழல. சளி," என்றார் கி தே-சொக்.

மெட்ரோ ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர் அவர். அறுபத்து மூன்று வயது, தூண் மாதிரி உடம்பு. ரயில் நிலையத்து அறிவிப்புக்கு மைக் தேவைப்படாத குரல். அந்தக் குடியிருப்பின் வீட்டு பீர் குழுவுக்கு அவர்தான் தலைவர். பதினோரு பேர் கொண்ட அந்தக் குழு, வீட்டில் காய்ச்சிய பீரை மாதக் கடைசியில் ஒன்றாக உட்கார்ந்து குடித்து, யாருடையது மேல் என்று சண்டை போடும். தே-சொக் இதுவரை நாற்பது முறை காய்ச்சியிருக்கிறார். அந்த நாற்பதையும் பற்றித் தனித்தனியாகப் பேசுவார்.

"இதப் பாருங்க." வாளி மூடியின் நடுவில் செருகியிருந்த விரல் நீளக் குழாயைக் காட்டினார். எஸ் வடிவத்தில் வளைந்த குழாய். அதன் வளைவில் கொஞ்சம் தண்ணீர் மாதிரி ஏதோ நின்றது. "இதுக்குப் பேரு ஏர்லாக். உள்ள பீர் நொதிக்கிறப்ப வர்ற காத்து இது வழியா குமிழ் குமிழா வெளிய போகும். வெளிக் காத்து உள்ள வராது. வியாழக்கிழமை ராத்திரி ஈஸ்ட் போட்டேன். வெள்ளி, சனி ரெண்டு நாளும் பொளக், பொளக்குனு அப்படி ஒரு சத்தம். கேக்கவே சந்தோஷமா இருந்துச்சு. நேத்து மலைக்கு நடக்கப் போயிட்டு வந்தேன். வந்து பாத்தா மௌனம்."

"விரதமா இருக்கும்," என்றான் பில்-கு.

"கொலை. யாரோ வந்து எதையோ உள்ள ஊத்தி ஈஸ்டைக் கொன்னுட்டான். யாருன்னும் எனக்குத் தெரியும். நீங்க ஆதாரம் மட்டும் எடுத்துக் குடுங்க. இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு குழுவுல பேரைச் சொல்றதா அறிவிச்சிட்டேன்."

போனை நீட்டினார். குழுவின் உரையாடலில் அன்று காலை அவரே போட்ட செய்தி இருந்தது: 'நமக்குள் ஒரு துரோகி இருக்கிறான். என் வீட்டுக்குக் கீழே இருக்கிறான். ஆறு மணிக்குப் பெயர் வரும். அதோடு அவன் குழுவில் இல்லை.' அதன் கீழே பத்துப் பேரும் படித்ததற்கான அடையாளம் தெரிந்தது. ஒருவர்கூடப் பதில் போடவில்லை.

"கீழ யாரு?" என்று கேட்டாள் ஜங்-ரான்.

"702. போங் மான்-சிக்." பெயரைச் சொல்லிவிட்டு விரலால் தரையைக் காட்டினார். "ஒரே நாள்ல டிப்போவுல வேலைக்குச் சேந்தோம். முப்பது வருஷம். பக்கத்துல பக்கத்துல சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருக்கோம். போன வருஷம் போட்டியில நான் முதல், அவன் ரெண்டாவது. அன்னிலேர்ந்து அவனுக்கு உள்ளுக்குள்ள புகையுது."

மனிதர் கோபமாக இருந்தார். அதைவிட அதிகமாக வருத்தமாக இருந்தார். முப்பது வருட நண்பனை ஆறு மணிக்கு வெட்டிவிடப் போகிறவர், யாராவது வந்து தன் கையைப் பிடித்துத் தடுக்க மாட்டார்களா என்று எதிர்பார்ப்பது பில்-குவுக்கே புரிந்தது. விற்பனை செய்து பழகியவனுக்கு எதிராளியின் ஆசை சட்டென்று தெரிந்துவிடும்.

"அவர்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

"கதவு ரகசிய எண் அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்குப் போனா செடிக்குத் தண்ணி ஊத்துவான். அதுக்குக் குடுத்தது. இன்னொண்ணு கேளுங்க. இந்தத் தடவை நான் காய்ச்சறதை யார்கிட்டயும் மூச்சு விடல. ஆனா சனிக்கிழமை லிப்ட்ல கேக்கறான், 'உன் வாளி இன்னும் எத்தனை நாள் கத்தும்'னு. எப்படித் தெரியும் அவனுக்கு? உள்ள வந்து பாத்திருந்தாத்தானே?"

ஜங்-ரான் குனிந்து, குளியலறைக்குள் போட்டுக்கொள்ள வாசலில் கிடந்த ரப்பர் செருப்பைப் பார்த்தாள். ஜோடியாக, முனை உள்பக்கம் பார்த்தபடி, அடுத்து வருபவர் கால் நுழைக்கத் தோதாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

"இதை இப்படி வச்சது நீங்களா?"

"நானா? நான் உதறிட்டு வந்துடுவேன். இருபத்தஞ்சு வருஷமா அதுக்கு மட்டும் தனியா திட்டு வாங்கறேன். நேத்திலேர்ந்து நான் உள்ள போகல. வாசல்ல நின்னுதான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

"உங்க மனைவி?"

"குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட அவ அக்கா வீட்டுக்குப் போயி அஞ்சு நாளாச்சு."

"மான்-சிக் எப்படி வைப்பாரு?"

"அவன் என்னைவிட மோசம். ஒண்ணு இங்க கிடந்தா இன்னொண்ணு ஹால்ல கிடக்கும்."

"மேடம், கொலைகாரன் நல்ல குடும்பத்துப் பையன்," என்றான் பில்-கு. "கொன்னுட்டு செருப்பைத் திருப்பி வச்சிட்டுப் போயிருக்கான்."

ஜங்-ரான் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். வாளியில் ஒரு கையும் சுவர் ஓட்டில் ஒரு கையும் வைத்தாள். டார்ச்சை வாளியின் பக்கவாட்டில் அழுத்தினாள். வெள்ளை பிளாஸ்டிக் வழியாக உள்ளே பழுப்பு நுரை தெரிந்தது.

"ஏன் குளியலறையில வச்சிருக்கீங்க?"

"நவம்பர் மாசம், வீடு முழுக்கத் தரைக்கு அடியில சூடு ஓடுது. ரூம்ல வச்சா பீர் வெந்து கஞ்சியாயிடும். இது ஒண்ணுதான் குளிர்ச்சியான இடம். கிம்ச்சிக்குன்னே இருக்கற பிரிட்ஜைக் கேட்டுப் பாத்தேன். என் மனைவி அப்ப முள்ளங்கி நறுக்கிட்டிருந்தா. கத்தியை அப்படியே நிறுத்தி, 'என்ன கேட்டே'ன்னா. நான் ஒண்ணும் கேக்கலைன்னுட்டேன்."

அந்த நேரத்தில் கூரையோரத்துக் காற்றுத் துவாரத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. மெல்லிய, திருத்தமான குரல். ஏதோ ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நின்றது. மறுபடி அதையே சொன்னது.

"உங்க வீட்டுக் கூரை இங்கிலீஷ் படிச்சிருக்கு," என்றான் பில்-கு.

"கீழ் வீட்டு டி.வி.யா இருக்கும். இந்தக் கட்டடத்துல எல்லாக் குளியலறைக்கும் காத்துக் குழாய் ஒண்ணுதான். யாரு எப்ப மூக்கு சிந்தறாங்கன்னு கேக்கும்."

"கீழ் வீட்ல யார் யாரு?"

"மான்-சிக்கும் அவன் மனைவியும். ஒரே பொண்ணு சோ-தாம், சுவோன் ஊர்ல வேலை பாக்கறா."

ஜங்-ரான் அந்தத் துவாரத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பில்-குவுக்கு அவளுடைய அந்தப் பார்வை தெரியும். இடித்த காரின் சொந்தக்காரர் 'நான் பிரேக் போட்டேன்' என்று சொல்லும்போது அவள் அப்படித்தான் டயரைப் பார்ப்பாளாம்.

"ஐயா, எனக்கு பீர் தெரியாது. காத்து தெரியும். பஞ்சர் கேஸ் நிறைய பாத்திருக்கேன். வாளியைத் தொட்டுப் பாருங்க. ஓடு சில்லுனு இருக்கு, வாளி வெதுவெதுன்னு இருக்கு. உள்ள வேலை நடக்குது. நுரையும் புதுசா இருக்கு. செத்தவன் எப்படி நுரை விடுவான்?"

தே-சொக் கழுத்தை நீட்டி நுரையைப் பார்த்தார்.

"ஏர்லாக்கைப் பாருங்க. வளைவுல ரெண்டு பக்கமும் தண்ணி ஒரே மட்டம்."

"சோஜு, சாராயம்," என்று திருத்தினார் அவர். "தண்ணி ஊத்த மாட்டேன். சோஜு ஊத்தினா, உள்ள எட்டிப் பாக்கற பூச்சி போதையிலேயே போய்ச் சேரும்."

"சரி, சோஜு ஒரே மட்டம். உள்ளேர்ந்து காத்து தள்ளினா ஒரு பக்கம் ஏறணும். ஏறல. ஆனா காத்து உண்டாகுது. அப்ப அது வேற வழியா போகுது. இந்த மூடியை அழுத்திப் பாத்தீங்களா?"

"மூடியையா?" அவர் பதறிப்போய்ச் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். பெரிய எழுத்தில் அவர் கையாலேயே எழுதியது: 'நொதிக்கும்போது மூடியைத் தொடாதே.' "அதுதான் முதல் விதி. கிருமி போயிடும். குழுவுல ஒவ்வொருத்தனுக்கும் இதைச் சொல்லித்தான் நான் ஆரம்பிப்பேன்."

"ஒரு நாள் முழுக்க இதுக்கு முன்னாடி துக்கம் விசாரிச்சிருக்கீங்க. ஒரு தடவைகூட மூடியில விரல் வைக்கல."

"விதிங்க."

"வந்தவனுக்கும் உங்க விதி தெரிஞ்சிருக்கு. நீங்க தொட மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் மூடியில கை வச்சிருக்கான்."

அவள் மூடியின் ஓரத்தை விரலால் சுற்றி வந்தாள். பின்பக்கம், சுவரை ஒட்டிய இடத்தில் விரல் நின்றது. பில்-குவைக் கூப்பிட்டு டார்ச் பிடிக்கச் சொன்னாள். அங்கே மூடி ஒரு மயிரிழை தூக்கியிருந்தது. அந்த இடைவெளியை மறைத்து, நாலாக மடித்த மருந்துக் கடைத் துணி ஒன்று ஈரமாகச் செருகப்பட்டிருந்தது. ஜங்-ரான் முகர்ந்து பார்த்துவிட்டு பில்-குவின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"சோஜு," என்றான் அவன். "அதுவும் நல்ல சோஜு. மேடம், இது நாசவேலை இல்ல, பிரசவ ஆஸ்பத்திரி. பீரைக் கெடுக்க வந்தவன் எதுக்குக் காயத்துக்குக் கட்டுப் போட்டுட்டுப் போறான்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். இவனுக்கு பீர் மேல கோபம் இல்ல. சத்தத்து மேலதான் கோபம்."

தே-சொக் அந்தத் துணியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் கோபம் இருந்த இடத்தில் குழப்பம் வந்து உட்கார்ந்துகொண்டது. மான்-சிக்குக்குத் துணி மடிக்கத் தெரியாது என்று மெதுவாக முணுமுணுத்தார். சட்டையே மடிக்கத் தெரியாதவன் என்றார்.

"பேர் சொல்ல இன்னும் மூணரை மணி நேரம் இருக்கு," என்றாள் ஜங்-ரான். "தினமும் மலைக்கு எத்தனை மணிக்குப் போவீங்க?"

"மூணு மணிக்கு. இந்த பிளாக்குக்கே தெரியும். என்னைப் பாத்துக் கடிகாரம் திருத்தலாம்."

"நல்லது. இப்ப நான் மூடியை அழுத்தப் போறேன். நீங்க கண்ணை மூடிக்குங்க."

அவர் உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டார். துணியை உருவிவிட்டு அவள் இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினாள். மூடி டப்பென்று உட்கார்ந்தது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வளைவின் ஒரு பக்கத்தில் சோஜு மெல்ல ஏறியது. ஏறி, தயங்கி, நடுங்கியது.

பொளக்.

தே-சொக் கண்ணைத் திறந்தார். மறுபடி பொளக். பிறகு இரண்டு மூன்று சேர்ந்தாற்போல. குளியலறையின் ஓடுகளில் பட்டு அந்தச் சத்தம் கிணற்றுக்குள் கல் விழுந்த மாதிரி பெரிதாகக் கேட்டது. அந்தப் பெரிய மனிதர் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொள்ளாத குறைதான்.

"சளியா?" என்று விசாரித்தான் பில்-கு.

"சளிதான்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் அவர்.

மேலே காற்றுத் துவாரத்தில் கேட்டுக்கொண்டிருந்த ஆங்கிலக் குரல் பாதி வாக்கியத்தில் நின்றது.

மூன்று மணிக்கு தே-சொக் வழக்கம்போல் தொண்டையைக் கனைத்து, வழக்கம்போல் கதவை அறைந்து சாத்தினார், ஆனால் உள்ளே நின்றுகொண்டு. பில்-கு முன்னதாகவே லிப்டைக் கூப்பிட்டு, காலியாகக் கீழே அனுப்பிவிட்டு வந்திருந்தான். லிப்டில் குடியிருப்புச் சங்கத்தின் அறிவிப்பு ஒட்டியிருந்தது. வியாழக்கிழமை பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. 301, 504, 1102 வீடுகளில் தேர்வு எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதுவரை துளைக் கருவி, பியானோ, நாய்க் குரைப்பு கூடாது. 'நாய்க்கு இதை யார் படிச்சுக் காட்டறது' என்று யோசித்தபடி திரும்பி வந்து அதை ஜங்-ரானிடம் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. "702 அதுல இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றான்.

வாசலில் கிடந்த மூன்று ஜோடிச் செருப்பு, ஷூவையும் அவள் அலமாரிக்குள் தள்ளினாள். வாசலைப் பார்த்தால் வீட்டில் ஈ காக்கா இல்லை. மூவரும் குளியலறைக்கு எதிரில் இருந்த சின்ன அறையில், மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்த மால்ட் தானியத்துக்கு நடுவில் ஒண்டிக்கொண்டார்கள். கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. தரைச் சூடு பில்-குவின் முட்டியில் ஏறியது.

"மேடம், இன்னும் பத்து நிமிஷம் இருந்தா நானும் நொதிக்க ஆரம்பிச்சிடுவேன்."

"மூடியைப் போடு."

பொளக், பொளக் என்று குளியலறை பேசிக்கொண்டே இருந்தது. மூன்று மணி எட்டு நிமிடத்துக்கு வாசல் கதவில் நான்கு முறை பீப் சத்தம் கேட்டது. பிறகு பூட்டு திறக்கும் சின்ன ராகம். தே-சொக்கின் மூச்சு பில்-குவின் காதில் சூடாக விழுந்தது. அவர் கை முஷ்டியாக இறுகியிருந்தது.

வந்தது ஒருத்தி. தொளதொளத்த பைஜாமா, நெற்றி முடியில் ஒரு சுருள் உருளை, கழுத்தில் ஹெட்போன். வாசலில் செருப்பைக் கழற்றி, குனிந்து, முனையை வெளிப்பக்கம் திருப்பி வைத்தாள். ஒரு கையில் மருந்துக் கடைத் துணிப் பொட்டலம், இன்னொரு கையில் தெளிப்பான். நேராகக் குளியலறைக்குள் போய் வாளியின் முன்னால் மண்டியிட்டாள்.

"மன்னிச்சுக்கோ," என்று வாளியிடம் சொன்னாள். "வியாழக்கிழமை வரைக்கும்தான்."

தே-சொக்கின் முஷ்டி தளர்ந்தது. கதவை முழுக்கத் திறந்தார்.

"சோ-தாம்?"

அந்தப் பெண் துள்ளி எழுந்தாள். தெளிப்பான் தன்னால் அமுங்கி, சோஜு பில்-குவின் கண்ணாடியில் அடித்தது.

"பெரியப்பா, நீங்க மலைக்குப் போகல?"

"நீ சுவோன்ல வேலையில இல்ல?"

வாளி மட்டும் பொளக் என்றது. அந்தப் பெண்ணின் இமை அந்தச் சத்தத்துக்குத் துடித்ததை பில்-கு பார்த்தான். பாவமாக இருந்தது.

"உக்காரும்மா," என்றாள் ஜங்-ரான். "முதல்ல அதை நிறுத்து. அப்புறம் பேசலாம்."

சோ-தாம் கையைத் தெளிப்பானால் நனைத்துக்கொண்டு, மூடியைப் பின்பக்கம் மயிரிழை தூக்கி, துணியை மடித்துச் செருகினாள். பழகின கை. மௌனம் திரும்பி வந்தது. அவள் தோள் இறங்கியது.

"நிமிஷத்துக்கு முப்பத்தெட்டு," என்றாள். "சனிக்கிழமை ராத்திரி முழுக்க எண்ணினேன். காதுல அடைப்பான் வச்சாலும் கேக்குது. என் ரூம் குளியலறைக்கு ஒட்டினாப்ல இருக்கு. இங்கிலீஷ் கேட்டுப் பதில் எழுதற லிஸனிங் பயிற்சியில ஒவ்வொரு கேள்விக்கும் நடுவுல பொளக். வியாழக்கிழமை அந்தப் பரீட்சை நேரத்துல ஏரோப்ளேனைக்கூட நிறுத்தி வைக்கறாங்க பெரியப்பா. உங்க வாளியை யாரும் நிறுத்தல."

"எந்தப் பரீட்சை? நீ தான் எழுதி முடிச்சு..." தே-சொக் பாதியில் நிறுத்தினார்.

"மூணாவது தடவை," என்றாள் அவள். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். "வேலைன்னு அப்பா சொன்னது பொய். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். சுவோன்ல படிப்பு விடுதியில இருந்தேன். பத்து நாள் முன்னாடிதான் வந்தேன், தேர்வு மையம் இங்க. வீட்டை விட்டு வெளிய காலே வைக்கல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் வாளியைத் தூக்கிட்டு மொட்டை மாடிக்கே போயிருப்பேன்."

"சொல்லியிருந்தா என்ன பண்ணுவீங்க? அன்னிக்கே பரீட்சைக்கு ராசின்னு அரிசிக் கேக் வாங்கிட்டு எங்க வாசல்ல நிப்பீங்க. 'நல்லா எழுது'ன்னு எல்லா மாடிக்கும் கேக்கற மாதிரி சொல்வீங்க."

"மெதுவாத்தான் சொல்லுவேன்."

அதை அந்த அறையில் ஒருவரும் நம்பவில்லை. அவரும் நம்பவில்லை.

"போன ரெண்டு தடவையும் அப்படித்தான் சொன்னீங்க. பிளாக்கே வந்து முதுகைத் தட்டுச்சு. ரிசல்ட் வந்தப்புறம் லிப்ட்ல எல்லாரும் என்னைப் பாத்ததும் தரையைப் பாத்தாங்க. இந்தத் தடவை தோத்தாலும் எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும்னு நினைச்சேன்." கழுத்தில் கிடந்த ஹெட்போனை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "அப்பா பாவம். லிப்ட்ல உங்ககிட்ட சுத்தி வளைச்சுக் கேட்டுப் பாத்தாரு. அதுக்கு மேல கேக்க முடியல. நான் இங்க வந்தது அவருக்குத் தெரியாது. கதவு எண் எங்க வீட்டு பிரிட்ஜ்ல ஒட்டியிருக்கு."

பிறகு கவலையோடு வாளியைப் பார்த்தாள்.

"பீர் கெட்டுப் போச்சா பெரியப்பா? ஒரு இழைதான் தூக்கினேன். உள்ளேர்ந்து காத்து வெளிய வந்துகிட்டே இருந்தா கிருமி போகாது, இல்ல? அப்பாவுக்கு பாட்டில் கழுவிக் குடுத்தே எனக்கு இதெல்லாம் மனப்பாடம். கணக்குதான் ஆகல."

"கெடல," என்றார் தே-சொக். "நாற்பது தடவையில இதுதான் நல்லா வந்திருக்கு." அவர் இன்னும் அதை ருசி பார்க்கவே இல்லை. பில்-கு குறுக்கிடவில்லை. விற்பனையில் இதை அன்பு என்பார்கள்.

சோ-தாம் போகும்போது ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள். அவள் இங்கே இருப்பது யாருக்கும் தெரியக் கூடாது. மூன்று பேரும் தலையாட்டினார்கள். அவள் படியில் இறங்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

கதவு மூடியதும் பில்-கு கையைத் தட்டினான், சத்தம் வராமல்.

"ஆச்சு. கேஸ் முடிஞ்சுது. வாளி பிழைச்சுது, நண்பர் நிரபராதி."

"முடியல," என்றாள் ஜங்-ரான். சமையலறை மேசையில் கிடந்த போனைக் காட்டினாள். "பதினோரு பேர் குழு. ஆறு மணிக்குப் பேர் வரும்னு சொல்லிட்டாரு. 'கீழே இருக்கிறான்'னும் எழுதிட்டாரு. எட்டாவது மாடிக்குக் கீழ இந்தக் குழுவுல யார் இருக்காங்க?"

"மான்-சிக் மட்டும்தான்," என்றார் தே-சொக். சொல்லும்போதே அவருக்கு உறைத்தது. நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

பேர் சொல்லாவிட்டாலும் மான்-சிக்தான் துரோகி என்று பத்துப் பேருக்கும் ஏற்கெனவே தெரிந்துவிட்டது. இல்லை, அவர் இல்லை என்று எழுதினால், அப்போது யார், ஏன் என்று பத்துப் பேரும் வரிசையாகக் கேட்பார்கள். இந்தக் குடியிருப்பில் கேள்வி ஒன்று கிளம்பினால் லிப்டைவிட வேகமாக ஏறி இறங்கும். கடைசியில் அது 702-இன் உள் அறைக் கதவைத் தட்டும்.

பில்-கு தன்னால் ஆனதை முயன்றான். குளிர் அதிகமாகி ஈஸ்ட் தூங்கிவிட்டது என்று சொல்லலாம் என்றான். தரை சுடுகிற வீட்டிலா என்றாள் ஜங்-ரான். சோஜு ஆவியாகிவிட்டது? ஒரு ராத்திரியிலா? கரப்பான் பூச்சி? தே-சொக் வீட்டில் கரப்பான் என்று எழுதினால் அவர் மனைவி அக்கா வீட்டிலிருந்து கத்தியோடு திரும்பி வருவாள்.

"பொய் எளிமையா இருக்கணும்," என்றாள் ஜங்-ரான். "எல்லாரும் உடனே நம்பணும். யாரும் மேல கேள்வி கேக்கக் கூடாது. நம்பி, சிரிச்சு, மறந்துடணும்."

தே-சொக் அவளைப் பார்த்தார். அந்தப் பொய் எது என்று அவருக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது போலிருந்தது. வாய்க்குள் வைத்து மென்றுகொண்டிருந்தார்.

ஆறு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது போனை எடுத்து, தடித்த விரலால் ஒவ்வோர் எழுத்தாக அழுத்தினார். பில்-கு தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான்.

'துரோகி கி தே-சொக். வாளியின் மூடியைச் சரியாக அழுத்தி மூடவில்லை. காற்று அந்த வழியாகப் போய்விட்டது. ஏர்லாக் அதனால்தான் நின்றது. யாரும் உள்ளே வரவில்லை. நண்பன்மேல் சந்தேகப்பட்டது என் புத்திகெட்டத்தனம். மன்னிக்கவும்.'

மூடியை அழுத்தி மூடுவது குழுவில் முதல் நாள் சேர்ந்தவன் கற்றுக்கொள்வது. நாற்பது தடவை காய்ச்சிய தலைவர் அதைச் செய்யவில்லை என்று எழுதுவது, மெட்ரோ ஓட்டுநர் ஒருவர் கதவை மூடாமல் வண்டியை எடுத்தேன் என்று எழுதுவதற்குச் சமம். அனுப்பும் பொத்தானின் மேல் அவர் விரல் நின்றது. காது நுனி வரை சிவந்திருந்தது. பிறகு அழுத்திவிட்டார்.

அடுத்து போன் அதிர ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. சிரிப்புப் படங்கள் உருண்டு உருண்டு விழுந்தன. 1203-ஆம் வீட்டுக்காரர் மூடி போடுவது எப்படி என்று படம் வரைந்து அனுப்பினார். இன்னொருவர் அடுத்த மாதத் தலைவர் தேர்தலை இன்றைக்கே வைக்கலாம் என்றார். ஐந்தாவதாக மான்-சிக்கிடமிருந்து வந்தது.

'நாற்பது தடவை காய்ச்சியவனுக்கு மூடி போடத் தெரியவில்லை. என்னைத் துரோகி என்றாய் அல்லவா. நாளைக்கே மேலே வருகிறேன். மூடி போடக் கற்றுத் தருகிறேன், நோட்டுப் புத்தகம் எடுத்து வை.'

"நாசமாப் போறவன்," என்றார் தே-சொக், ஆனால் முகம் மலர்ந்திருந்தது. இத்தனை நேரத்தில் முதல் தடவையாக அவர் நன்றாக மூச்சு விட்டார். "சிரிக்கிறான். பாருங்க, சிரிக்கிறான்."

பதிலை அவர் குழுவில் போடவில்லை. மான்-சிக்குக்கு மட்டும் தனியாக எழுதினார். இரண்டே வரி.

'வெள்ளிக்கிழமை வா. அதுவரைக்கும் என் வீட்டில் ஒரு சத்தமும் வராது.'

படித்ததற்கான அடையாளம் உடனே தெரிந்தது. பதில் வரவில்லை. ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம் போனது. கீழ் வீட்டில் ஒரு மனிதர் அந்த இரண்டு வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்க வேண்டும். வியாழன் தாண்டி வெள்ளி என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். தே-சொக் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு போனையே பார்த்தார்.

பதில் வந்தது. ஒரே சொல்.

'அண்ணே.'

தே-சொக் படித்தார். போனை பில்-குவிடம் நீட்டினார், திரும்பப் பிடுங்கிக்கொண்டு மறுபடி படித்தார்.

"எனக்கு அவனைவிட ஒரு வயசு கூட," என்றார். "ஒரே நாள்ல வேலைக்குச் சேந்தோம், அதனால பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன்னு முதல் நாளே சொல்லிட்டான். முப்பது வருஷம் ஆச்சு இந்த ஒரு வார்த்தை வர்றதுக்கு."

அதையும் அவர் கிசுகிசுப்பாகத்தான் சொன்னார்.